துண்டுக்கடியில் ஒரு டெலிபோன்

ஆம்பூர் தோல் வியாபாரி ஷபீ அஹமதின் மேஜைமேல் கறுப்பு டெலிபோன் பளபளத்தது. ஏழை நாடுகளின் டெலிபோன் சேவையைச் சீர்படுத்தப் பல தேசங்கள் சேர்ந்து போட்ட கமிட்டியிலிருந்து வந்த வெள்ளைக்காரர், எதிரில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை வருஷமா இருக்குதுன்னு கேக்குறார், பாய்," என்றார் கூட வந்த டெலிபோன் அதிகாரி பரந்தாமன்.

ஷபீ அஹமது பரந்தாமனைப் பார்த்தார். தோல் சந்தையில் மற்றவர் கண்ணில் படாமல் விலை பேசுகிற மாதிரி, துண்டுக்கடியில் அவர் கையைப் பிடித்து ஐந்து விரலையும் அழுத்தினார் பரந்தாமன்.

"அஞ்சு வருஷமா இருக்குது."

வெள்ளைக்காரர் சந்தோஷமாக எழுதி, ஷபீ அஹமதிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்; பரந்தாமன் பின்தங்கினார்.

கார் மறைந்ததும், மேஜைக்கடியோடு முடிந்திருந்த ஒயரைச் சுருட்டி, டெலிபோனைத் தூக்கிக்கொண்டு போனார் வெளியே காத்திருந்த லைன்மேன்.

"சார், நீங்க சொன்னபடியே சொல்லிட்டேன். மனு போட்டு ஏழு வருஷமாச்சு. எனக்கு எப்ப கனெக்‌ஷன்?"

"இன்னா பாய், அஞ்சு வருஷமா இருக்குதுன்னு இப்பதானே கையெழுத்து போட்டீங்க? இனிமே லிஸ்ட்ல உங்க பேரை எப்படி வைக்கிறது?"

"நீங்கதானே விரலை அழுத்தினீங்க!"

"யார் பார்த்தாங்க?"

முப்பது வருஷ வியாபாரத்தில் ஷபீ அஹமதும் இதையே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார்.