கடைசி வரி வரைக்கும்

"இந்த 'உண்மைவிளம்பி' யாருன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

தலைமையாசிரியை தன் கணினித் திரையை எதிரே நின்ற இருவர் பக்கமும் திருப்பி வைத்தார்.

ஒருத்தி சின்ன டீச்சர். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு அறிவியல். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் பிள்ளைகளுக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கி, பாடத்தை அவர்களையே கட்டுரையாக எழுத வைத்து, ஊரையே பேச வைத்துவிட்டாள்.

இன்னொருவர் பெரிய டீச்சர். 'ஏ' பிரிவுக்கு அதே அறிவியல். அந்த வலைப்பூ தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருக்கிறது.

எரியாதா பின்னே? சாக்பீஸ் தூளைத் தின்றே பாதி ஆயுசு போனது இவருக்கு. பெற்றோர் கூட்டத்தில் கைதட்டல் மட்டும் நேற்று வந்தவளுக்கு. அதுகூடப் போகட்டும். கட்டின கணவரே ஒருநாள் மொபைலைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சிரிப்பு?"

"உங்க ஸ்கூல் பிளாக்தான். பசங்க என்னமா எழுதுதுங்க! நீயும் இப்படி ஒண்ணு ஆரம்பிச்சா என்ன?"

அன்றைக்குப் பிறந்தவர்தான் உண்மைவிளம்பி.

அந்தப் பெயரில் பெரிய டீச்சர் ஒரு கட்டுரை விடாமல் படித்தார். ரசிக்க அல்ல, குற்றம் கண்டுபிடிக்க. முழுக் கட்டுரையும் ஒழுங்காகத்தான் வரும். கடைசியில் கோட்டை விட்டிருப்பார்கள். 'இதுதான் இவள் சொல்லிக் கொடுக்கும் லட்சணம்' என்று மனம் குளிர்ந்து பின்னூட்டம் போடுவார்.

திரையில் இருந்ததும் அப்படி ஒன்றுதான். மிதக்கும் பொருள்களைப் பற்றி அழகாக எழுதிக்கொண்டு வந்த ஒரு பையன், 'ஆகவே ஐஸ்கட்டி தண்ணீரைவிட அடர்த்தி அதிகமானது' என்று முடித்திருந்தான். அதன் கீழே உண்மைவிளம்பி எழுதியிருந்தது:

'அடர்த்தி அதிகம் என்றால் மூழ்கியல்லவா போக வேண்டும்? டம்ளரில் மிதக்கிறதே! மூளையை எந்தக் கடையில் அடகு வைத்தாய்? மீட்டுக்கொண்டு வந்து மறுபடி யோசி.'

"இந்தப் பையனோட அம்மா ஃபோன் பண்ணாங்க. 'ஊர் பேர் தெரியாதவன் எல்லாம் என் பிள்ளையைக் கேலி பண்றான், நீங்க வேடிக்கை பார்க்கறீங்களா'ன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?" என்றார் தலைமையாசிரியை.

பெரிய டீச்சருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

"நான் அப்பவே நினைச்சேன் மேடம். வகுப்புப் பாடத்தைக் கொண்டுபோய்ச் சந்தியில வெச்சா, போறவன் வர்றவன் எல்லாம் பேசத்தான் செய்வான். பேசாம பிளாக்கை மூடிடறது நல்லது."

"மூடறது இருக்கட்டும். முதல்ல ஆளைப் பிடிக்கணும். கம்ப்யூட்டர் சாரைக் கூப்பிடறேன். எங்கேருந்து எழுதறாங்கன்னு அவர் பார்த்துச் சொல்லிடுவார்."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாயிற்று பெரிய டீச்சர் நிலைமை. எழுதியதில் பாதி, ஆசிரியர் அறைக் கணினியில் உட்கார்ந்து எழுதியது! இத்தனை காலம் சேர்த்த மரியாதை ஒரு நொடியில் போய்விடும். வேலையே போனாலும் போகலாம்.

தலைமையாசிரியை தொலைபேசியை எடுத்தார்.

"வேண்டாம் மேடம்," என்றாள் சின்ன டீச்சர். "அது நான்தான்."

"என்னது?"

"தப்பைப் பசங்களே தேடித் திருத்தணும்னு, வேற பேர்ல எழுதினேன்."

பிடிபிடியென்று பிடித்துவிட்டார் தலைமையாசிரியை. சின்ன டீச்சர் அத்தனையையும் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள்.

"இனிமே பிளாக் பொறுப்பு உங்களுக்குக் கிடையாது. பெரிய டீச்சர் பார்த்துக்கட்டும். பிள்ளைங்ககிட்ட எப்படிப் பேசணும்னு அவங்களைப் பார்த்துக் கத்துக்கோங்க!"

எதை நினைத்து இத்தனை நாள் வெந்தாரோ, அது தானாகவே கைக்கு வந்துவிட்டது. ஆனால் பெரிய டீச்சரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் சின்ன டீச்சரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான்தான்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பசங்கதான் கண்டுபிடிச்சாங்க டீச்சர், முதல் கமெண்ட்லயே. 'மூளையை அடகு வெச்சிட்டியா'ன்னு நீங்க கேக்கறதுதான் சுவரைத் தாண்டி எங்க வகுப்பு வரைக்கும் கேக்குதே!"

பெரிய டீச்சரின் முகம் சுண்டிப்போயிற்று.

"பசங்களுக்கே தெரியுமா? தெரிஞ்சும் ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையா?"

"திறந்தா நீங்க எழுதறதை நிறுத்திடுவீங்களே! இப்பகூட அந்தப் பையன் வகுப்புல அழுதுட்டு இருக்கான், அவங்க அம்மா போட்ட ஃபோனால நீங்க வராம போயிடுவீங்களோன்னு."

"நான் என்ன பாராட்டியா எழுதினேன்? திட்டித்தானே எழுதினேன்!"

"மத்தவங்க எல்லாம் 'சூப்பர்', 'அருமை'ன்னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் போயிடறாங்க டீச்சர். கடைசி வரி வரைக்கும் படிக்கறது நீங்க ஒருத்தர்தான். அதனாலதான் எல்லாத்தையும் சரியா எழுதிட்டு, நீங்க வரணும்னே கடைசி வரியில மட்டும் ஒரு தப்பை விட்டு வைக்கறாங்க."