ஐந்தாவது நாற்காலி

கொச்சி மட்டாஞ்சேரி கிளையின் மாடி அறையில் அன்று இருந்தவர்கள் நாலு பேர், நாற்காலிகள் ஐந்து. மேசைத் தலைமாட்டில், இன்சூரன்ஸ் ஆணையத்திலிருந்து வந்த அதிகாரி சுபாஷிணி. அவருக்கு வலப்பக்கம் வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை மேனேஜர் ரமேஷ்பாபு. இடப்பக்கம் சாட்சி இசக்கிதுரை. எதிரில், கதவுக்கு முதுகைக் காட்டி, இறந்துபோன அப்துல் ஜலீலின் மனைவி ஷம்சியா.

ஐந்தாவது நாற்காலி இசக்கிதுரைக்கும் ஷம்சியாவுக்கும் நடுவில் காலியாக இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் அவன் உட்கார்ந்திருந்தான். காயல் காற்றில் ஜன்னல் அடித்தபோதெல்லாம் கண் தானாக அங்கே போனது.

"இது யாருக்கு மேடம்?" என்று கேட்டான்.

"மொழிபெயர்ப்பாளருக்கு," என்றார் சுபாஷிணி. "வெளிநாட்டுக் கம்பெனி இங்க தொழில் பண்ண நாங்க கொடுக்கிற லைசென்ஸ்ல அது ஒரு நிபந்தனை. சாவு க்ளெய்மை மறுத்தா நாங்க நேர்ல வந்து சாட்சியை விசாரிப்போம். மொழிபெயர்ப்பாளரும் உட்காரணும்."

ரமேஷ்பாபு சிரித்தார். "நீங்க சென்னை, நான் மதுரை, இவன் புளியங்குடி. இந்தம்மா வீட்டுலயும் தமிழ்தான். தமிழுக்குத் தமிழ் மொழிபெயர்க்க ஆள் தேடினா ஊரே சிரிக்கும் மேடம்."

சுபாஷிணி அந்தக் கட்டத்தில் 'தேவையில்லை' என்று எழுதினார்.

விவகாரம் இதுதான். இஞ்சி கோடவுன் காவலாளி ஜலீல், போன வருஷம் ஒரு மத்தியானம் கோடவுனுக்குள் இறந்து கிடந்தார். வெள்ளத்தால் நேரும் மரணத்துக்கு பாலிசி பொருந்தாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

"டாக்டரு நெஞ்சடைப்புன்னுதான் எழுதித் தந்தாரு," என்றாள் ஷம்சியா. "அந்த பாலிசிய விட்டா எனக்கும் மோளுக்கும் வேற பிடி இல்ல மேடம்."

"நெஞ்சடைப்பு ஏன் வந்துச்சு? காயல் உள்ளே ஏறினதைப் பார்த்த அதிர்ச்சி," என்றார் ரமேஷ்பாபு.

"அன்னைக்கு மழையே இல்லையே?"

"இங்க மழை எதுக்கு மேடம்? வேலியேற்றம்னு சொல்லுவாங்க. கடல் பொங்கினா காயல் தண்ணி தானா கடைக்குள்ள வரும், தானா இறங்கிடும். அரை மணி நேரத்துல சிமெண்டுத் தரை காஞ்சிடும். மூட்டையெல்லாம் பலகை மேல இருக்கும், ஒண்ணும் நனையாது."

"காரணம் பொய்னு தெரிஞ்சா உங்க லைசென்ஸை நிறுத்தி வைப்பேன். ஞாபகம் இருக்கட்டும்." சுபாஷிணி சாட்சியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா."

இசக்கிதுரை நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். "கோடவுன்ல வேலைக்குச் சேர்ந்து ரெண்டாம் நாள் மேடம். ஊரே புதுசு. ஜலீல் அண்ணாச்சி மூட்டைக்கு நடுவுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. என்னைப் பார்த்ததும் தண்ணி ஏறுதுன்னு எச்சரிச்சாரு. வாசப்பக்கம், குடம் வச்சிருந்த பக்கம், கையைக் காட்டினாரு. ஒரே ஓட்டமா ஓடிட்டேன். செருப்புகூட நனையல மேடம், அவ்வளவு முன்னாடியே சொல்லிட்டாரு."

"திரும்பிப் பார்க்கலையா?"

"இல்ல மேடம். படகுத்துறை வரைக்கும் ஓடிட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு ஆளுகளோட வந்தா, உசுரு இல்ல. அன்னைக்கே ரயில் ஏறிட்டேன். இந்த விசாரணைக்குத்தான் மறுபடி வாரேன்." அவன் ஷம்சியாவைப் பார்த்துக் கை கூப்பினான். "தன் உசுரு போற நேரத்துல என்னைக் காப்பாத்தினவரு அக்கா. தினமும் கனவுல வாராரு. அதே மாதிரி கையை நீட்டிக்கிட்டு நிப்பாரு. முழிச்சா எனக்கு நாக்கு வறண்டு கெடக்கும். எவ்வளவு குடிச்சாலும் அடங்காது."

ஷம்சியா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவங்க குணம் அதுதான் தம்பி. சாயா வாங்கினாக்கூட அடுத்தவனுக்கு ஊத்திட்டுத்தான் குடிப்பாங்க."

சுபாஷிணி வேலியேற்ற அட்டவணையை எடுத்து அந்தத் தேதியை விரலால் தொட்டார். நீர்மட்டம் உயர்ந்த நாள்தான். சாட்சியும் பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை.

'கம்பெனியின் மறுப்பு சரியே' என்று கடிதம் எழுதி, படித்துக் காட்டி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். ஷம்சியா கடைசியாகப் போட்டாள். உறையை ஒட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். வாசலில் காத்திருந்த தபால்காரர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். பைக் சத்தம் பஜார் இரைச்சலில் கரைந்தது.

எல்லாரும் எழுந்த பிறகும் ஷம்சியா எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டே தம்பி? தண்ணி ஏறுது, ஓடுன்னு முழுசாப் பேசினாங்களா? கடைசியா அவங்க வாயில வந்தது என்னவோ, அத அப்படியே சொல்லு. மோளுகிட்ட சொல்லணும்."

இசக்கிதுரை கண்ணை மூடிக்கொண்டான். "எங்க அக்கா முழுசாப் பேச முடிஞ்சுது? 'வெள்ளம்... வெள்ளம்...'னு ரெண்டே தடவ. அதுக்குள்ள நான் ஓடிட்டேனே."

ஷம்சியாவின் கை, பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியின் விளிம்பைப் பற்றியது.

"தம்பி, இந்த ஊருல நாங்க குடிக்கிற தண்ணியத்தான் வெள்ளம்னு சொல்லுவோம்."