மங்காத ஜன்னல்

"உங்க ஜன்னல் ஏன் எனக்கு மங்கலாத் தெரியுது?" என்று அவள் கேட்டதற்கு, குழுத் தலைவர் நிமிராமலே, ஒருதரம் டாக்டரிடம் கண்ணைக் காட்டிப் பார்க்கும்படி சொன்னார்.

அரட்டைச் செயலி ஒன்றைத் தயாரிக்கிற அலுவலகம் அது. வெளியே விடுவதற்கு முன்னால் தாங்களே போட்டுப் பயன்படுத்திப் பார்ப்பார்கள். இந்த முறை புதிதாக ஒரு வசதி. ஒரு குமிழை இழுத்தால் அரட்டை ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அடியில் இருக்கிற வேலையும் தெரியும், மேலே பேச்சும் ஓடும். யாருடைய ஜன்னல் எவ்வளவு தெரிய வேண்டும் என்று ஆளுக்கு ஒரு அளவு வைத்துக்கொள்ளலாம்.

பிழை கண்டுபிடிப்பது அவளுடைய வேலை. எதையும் விடமாட்டாள் என்பதால் 'சல்லடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். கண்ணை நம்பாமல் குமிழை நோண்டியவளுக்கு மதியத்துக்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. எதிரில் பேசுகிறவர் தன் திரையில் அவளுடைய ஜன்னலுக்கு வைத்த அளவு, அவளுடைய திரைக்கும் ஒழுகி வந்து, அவருடைய ஜன்னலையும் அதே அளவுக்கு மங்க வைத்துக்கொண்டிருந்தது.

அதாவது, "நீங்க இல்லேன்னா இந்த டீமே இல்ல" என்று வாய் நிறையச் சொல்லும் குழுத் தலைவர் அவளைப் புகையாக்கி வைத்திருந்தார். தினமும் கூடவே சாப்பிடுகிற தோழியின் ஜன்னலைக் கண்ணை இடுக்கித் தேட வேண்டியிருந்தது. கணக்குப் பிரிவுக்காரருடையது சுத்தமாகக் காணோம்.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரே ஒரு ஜன்னல் மட்டும் சுவர் மாதிரி பளிச்சென்று நின்றது. மூலை மேஜைக்காரனுடையது.

அந்தக் குமிழுக்கு நிரல் எழுதியவனே அவன்தான். அவள் தினமும் பக்கம் பக்கமாக அவன் வேலையில் குற்றம் சொல்லி அனுப்புவாள். "சரிங்க, பாக்கறேன்" என்று மட்டும் பதில் வரும்.

வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் சொன்னாள்.

"அந்த ஆளைத்தானே நீ தினமும் கிழிகிழின்னு கிழிக்கிறே?"

"அதான்க்கா. அவ்வளவும் வாங்கிக்கிட்டு என்னை ஒரு துளிகூட மங்க வைக்கல."

"உங்க மாமா கையில அப்படி ஒரு குமிழ் இருந்தா, நான் இந்நேரம் காத்துல கரைஞ்சிருப்பேன்" என்றாள் அக்கா.

வேலையில் சேர்ந்த பிறகு முதல் முறையாக, கண்டுபிடித்த பிழையை அவள் உடனே சொல்லவில்லை. காலையில் வந்ததும் அவனுடைய ஜன்னலைத்தான் முதலில் திறப்பாள். அப்படியே இருக்கும். மனசு லேசாகும். குற்றப் பட்டியலை அனுப்பும்போது முடிவில் 'நேரம் கிடைக்கும்போது' என்று சேர்க்க ஆரம்பித்தாள். ஒரு கூட்டத்தில் தாமதத்துக்கெல்லாம் அவன்தான் காரணம் என்று தலைவர் குதித்தபோது, அவள் எழுந்து அவன் பக்கம் பேசினாள். அவன் மிரண்டு போய், தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

பிறகு இருவரும் சேர்ந்து காபி குடித்தார்கள். அவன் அதிகம் பேசமாட்டான். ஆனால் அவள் சொன்னது ஒன்றும் மறக்கமாட்டான். சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பான். ஒருநாள் மழையில் குடையை முழுக்க அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து வந்தான்.

அதன்பின் அவள் பிழையைச் சொன்னாள், சரிசெய்தார்கள். எல்லாருடைய ஜன்னலும் ஒரேயடியாகப் பளிச்சென்று ஆனது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று தலைவர் கேட்டதற்கு, சோதித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

அன்று மாலையே அவனிடம் போய் நின்றாள். "நானும் தேடித் தேடிப் பாத்துட்டேன், உங்ககிட்ட ஒரு குறையும் கிடைக்கல. கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவன் காது சிவந்தது. "சரிங்க" என்றான், வழக்கமான குரலில்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அக்காவோடும் மாமாவோடும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான், அவள் அந்த ஜன்னல் கதையை அவனுக்கு முதன்முதலாகச் சொன்னாள். "ஆபீஸே என்னை மங்க வச்சிருந்தப்போ, நீங்க மட்டும் முழுசா வச்சிருந்தீங்க. அங்கதான் நான் விழுந்தேன்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். பொய் சொல்லத் தெரியாதவன்.

"நான் இன்னும் பழைய வெர்ஷன்லதாங்க இருக்கேன். அதுல அந்தக் குமிழே கிடையாது."

"நீங்க எழுதினதை நீங்களே போட்டுக்கலையா?"

"எழுதினவனே நான்தானே. அதுல எத்தனை தப்பு இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"