முதல் குரல்

தேவாலயத்தின் உயரமான சன்னல் வழியே இறங்கும் மாலை வெயில் பாடகர்களின் காலடியில் கிடக்கிறது. ஐந்நூறு வருடப் பழைய லத்தீன் பாட்டு. ஒரு குரல் தனியாகத் தொடங்க, மற்றவை ஒவ்வொன்றாகச் சேர வேண்டும். தொடங்கப்போகிறவள் தங்கை. தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து அவள் பாடுவது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் அக்கா நிற்கிறாள். "சத்தமே வரலைன்னா என்னக்கா பண்றது?" என்று முணுமுணுக்கிறாள் தங்கை. "நான் எடுத்துக்கறேன். நீ தைரியமா ஆரம்பி." குழுத்தலைவரின் கை உயர்கிறது. யாரோ இருமி அடங்குகிறார்கள். தங்கையின் கழுத்துத் தழும்பு ஏறி இறங்குகிறது. குரல் நூலாக வருகிறது, ஓரிடத்தில் பிசிறுகிறது, அறுந்துவிடாமல் மேலே ஏறுகிறது. அடுத்து அக்காவின் முறை. அவளுக்கோ நெஞ்சு அடைத்துக்கொண்டு மூச்சுகூட வரவில்லை. தங்கை பாட்டை நிறுத்தாமலே அவள் கையில் நறுக்கென்று கிள்ளுகிறாள். வலியோடு குரலும் பீறிட்டு, தங்கையின் குரலோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது.