ஒரு தோட்டாவுக்கு ஒரு துப்பாக்கி

“ஒரே ஒரு தடவை வெடிச்சாப் போதும், ஆர்லிஸ். ரெண்டாவது தோட்டாவுக்கு எனக்கு வேலையில்ல.”

லொரீன் சொன்ன குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடையில் இருப்பதிலேயே மலிவான ஒற்றைக்குழல் துப்பாக்கியை விரலால் காட்டிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கென்டக்கி மலையடிவாரத்தில் முப்பது வருஷமாகத் துப்பாக்கி விற்கிறவன் ஆர்லிஸ். வாங்க வருகிற முகத்தில் ஏதாவது ஒன்று இருக்கும், பேரமோ, ஆசையோ, அணில் வேட்டைக்குக் கிளம்புகிற குஷியோ. இந்த முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

அவள் புருஷன் ஹோபர்ட் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல்லறை கில்லறை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன். அவன் செத்த அன்றைக்கு லொரீன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஊரே பேசியது.

“வீட்லதான் ஆறேழு துப்பாக்கி கிடக்குமேக்கா?”

“பசங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒண்ணுகூட விட்டு வைக்கல.”

அப்பன் துப்பாக்கிகளைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வது அந்த ஊர் வழக்கம்தான். ஆனால் அம்மாவுக்கென்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒன்றை விட்டுவைப்பார்கள். பிள்ளைகளே பயந்துபோய்த்தான் அப்புறப்படுத்தியிருக்கிறார்கள் என்று ஆர்லிஸ் முடிவு கட்டிவிட்டான்.

அடுப்போரம் ஓசிக் காப்பி குடித்துக்கொண்டிருந்த டாயிலுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது? “நல்லதாப் பாத்துதான் கேட்டிருக்கே லொரீன்!” என்று ஆரம்பித்துவிட்டான். “காசைக் கொட்டி வாங்கின துப்பாக்கியெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காம சிக்கிக்கும். இது சேத்துல விழுந்தாலும் துடைச்சுட்டுச் சுடலாம். நாங்க அண்ணன் தம்பி நாலு பேரும் ஒரே ஒத்தக்குழல்லதான் வேட்டை கத்துக்கிட்டோம். இருக்கிறது ஒண்ணுதான்னு தெரிஞ்சுட்டா, குறி தன்னால வரும்.”

“நீ வாயை மூடிட்டுக் காப்பியைக் குடிடா” என்று பல்லைக் கடித்தான் ஆர்லிஸ்.

“அட, விக்கிறவன் நீ! உனக்காகத்தானே தொண்டைத் தண்ணி வத்தப் பேசறேன்?”

லொரீன் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “தூரமாப் போகுமா? இல்ல, சுட்ட இடத்துக்குப் பக்கத்துலயே விழுந்துடுமா?”

ஆர்லிஸின் காதில் அது ஏறவேயில்லை. எப்படியாவது இவளை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அவள் பெரிய மகனுக்குப் போன் போட வேண்டும். அவன் மனசு பூராவும் அதிலேயே இருந்தது.

“அக்கா, அது ரிப்பேரு. சனிக்கிழமை வா, சரி பண்ணி வைக்கிறேன்.”

“ரிப்பேராக அதுல என்ன இருக்கு? ஒரு குழாய், ஒரு விசை. கடப்பாரை கெட்டாலும் இது கெடாதுன்னு சொல்லிச் சொல்லியே ஊர் பூரா வித்தவன் நீதானே?”

“மாட்னியா!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தான் டாயில்.

ஆர்லிஸ் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். “சரிக்கா, துப்பாக்கி இருக்கு. தோட்டாதான் ஸ்டாக் இல்ல.”

“வேணாம். கொண்டாந்திருக்கேன்.”

கைப்பையைத் திறந்து சிவப்புத் தோட்டா ஒன்றை எடுத்தாள். முட்டையை வைப்பதுபோல இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தாள்.

“வீட்டுலயே தோட்டா அடைக்கிற என் மச்சினன்தான் உக்காந்து எனக்குன்னு செஞ்சு குடுத்தான். நாளைக்கு விடியறப்போ குளத்துக்கரைக்குப் போறேன், ஹோபர்ட் வாத்து சுடற இடத்துக்கு.”

“தனியாவா?” என்றான் ஆர்லிஸ்.

“தனியா எதுக்கு? ஹோபர்ட் கூடத்தான்.”

டாயிலின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஆர்லிஸைப் பார்த்தான்.

அதற்குமேல் ஆர்லிஸ் யோசிக்கவில்லை. தோட்டாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தான். வெளியே மழைத் தண்ணீரில் ஓடை நுரைத்துக்கொண்டு ஓடியது.

“ஆர்லிஸ், குடு அதை” என்றாள். குரல் அப்போதும் தட்டையாகத்தான் இருந்தது.

“குடுக்க மாட்டேன்க்கா! ஹோபர்ட் என் கூட்டாளி. அவன் பொண்டாட்டி உயிரை விடறதுக்கு நானே துப்பாக்கியை எடுத்துக் குடுத்துட்டு, அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுட்டு நடமாடுவேன்? உனக்கு இந்தத் துப்பாக்கிதான் வேணுமா, சும்மாவே தூக்கிட்டுப் போ. இந்தச் சனியன் ஓடையோட போகட்டும்!”

கையை ஓங்கிவிட்டான். நாற்காலி சாய, கைப்பை உருள, லொரீன் பாய்ந்து வந்து அவன் முழங்கையில் தொங்கினாள். ஒரு மாதமாக வராத அழுகையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

“ஐயோ, வீசிடாதேடா! அதுக்குள்ள இருக்கிறது ஹோபர்ட்டோட சாம்பல்!”