ஊருக்கெல்லாம் டென்வர்

"ஊர்ல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்ற ஒரே ஆள் நீதாம்மா, மார்வா!"

காபிக் கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார் வெர்லின் ஸ்ட்ரவுட்.

மார்வா டட்டில் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"மூணு வருஷம் முன்னாடி குடிவந்தவளுக்கு எவ்வளவு திமிர் பாரு!" என்றார் வெர்லின். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

எங்கள் பைன் ஃபோர்க் இருப்பது கொலராடோவில். ஆனால் டிஷ்ஷில் வருகிற உள்ளூர் சேனல் பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவுடையது. எந்த ஊருக்கு எந்தச் சேனல் என்று எவனோ ஒரு புண்ணியவான் வரைபடத்தில் கோடு போட்டபோது எங்களை அந்தப் பக்கம் தள்ளிவிட்டான். இங்கே இடுப்பளவு பனி கொட்டும். டிவியில் அவர்கள் ஊர் மிளகாய்த் திருவிழா ஓடும்.

அதை மாற்றி எங்கள் தலைநகர் டென்வர் சேனல் கேட்டுத்தான் வெர்லினின் மனு. பனிப்புயல் எச்சரிக்கை, கவர்னர் பேச்சு, குடிமகன் உரிமை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை டென்வர் டீம் ஆடுகிற ஃபுட்பால் பற்றி ஒரு வரி கிடையாது. கவர்னர் பேச்சைக் கேட்க முடியாமல் சோறு தண்ணி இறங்காமல் தவித்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், நம்புங்கள்.

டிஷ் மாட்டிக் கொடுப்பது என் தொழில். நானும் கையெழுத்துப் போட்டேன். மார்வாவைத் திட்டுகிற கூட்டத்திலும் சேர்ந்துகொண்டேன். சும்மா கிடைக்கிற புண்ணியத்தை விடுவானேன்?

"இன்னிக்கு அவ வீட்டுக்கே போய் ஒரு கை பார்க்கறேன்" என்று ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மனுவோடு கிளம்பினார் வெர்லின். திரும்பி வரும்போது மணி ஏழரை. முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அண்ணே, போட்டாளா?" என்று கேட்டேன்.

"விடுடா லாய்டு. அவ ஒருத்தி போடலேன்னா குடியா முழுகிடும்?"

மனு ஜெயித்தது. ஆனால் டிஷ் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது. டென்வர் வந்தால் நியூ மெக்சிகோ போய்விடும், இரண்டும் சேர்ந்து கிடையாது. ஊருக்கு என்ன கவலை? வெர்லினைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடாத குறைதான்.

மாற்றம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு மார்வா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, எனக்கு மட்டும் பழைய சேனலையே வச்சுத் தர முடியுமா?"

"அப்படி என்னம்மா இருக்கு அந்தப் பாழாப்போன சேனல்ல?"

அவள் டிவியைப் போட்டாள். ஆறு மணிச் செய்தி. முழங்கால் வெள்ளத்தில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு பையன் மைக்கோடு நின்றிருந்தான்.

"டெரிக். என் பையன். அவங்கப்பா போனப்புறம் மாட்டையும் நிலத்தையும் வித்துட்டேன்னு சண்டை போட்டுட்டுப் போனவன். நாலு வருஷமா ஒரு போன் கிடையாது. இந்த மலைக்கு இன்டர்நெட்டும் வராது. இந்த ரெண்டு நிமிஷம்தான் எனக்கு." கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். "இளைச்சுட்டான், பாருங்க."

அந்தக் கூட்டத்தில் தலையாட்டினதை நினைத்து எனக்குக் கூசியது.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா?"

"எதுக்கு? பெத்தவளுக்கு போன் பண்ணாத பையன்னு ஊரே அவனைப் பேசறதுக்கா?"

வழி ஒன்றுதான் உண்டு என்று சொன்னேன். நியூ மெக்சிகோவில் வீடு வைத்திருக்கிற யாராவது தங்கள் கணக்கில் இவள் டிஷ் பெட்டியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி அங்கேதான் இருக்கிறது என்று காட்டுகிற சுத்தப் பொய். ஊரில் சிலர் பண்ணுவதுதான்.

"அங்க உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"அவன் ஒருத்தன்தான்."

"பார்க்கறேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கேன் வம்பு என்று தோன்றுகிற வேலைக்கெல்லாம் நான் சொல்கிற பதில் அது.

டென்வர் வந்தது. முதல் ஞாயிறே மேட்ச். காபிக் கடை டிவிக்கு முன்னால், டென்வர் டீமின் ஆரஞ்சு பனியன் போட்டுக்கொண்டு, முதல் நாற்காலியில் வெர்லின்.

"ரெண்டு வருஷம் போராடி வாங்கின சேனல். வீட்ல காலை நீட்டிக்கிட்டுப் பார்க்காம இங்க என்ன அண்ணே பண்றீங்க?"

"தனியாப் பார்த்தா போரடிக்குதுடா. அது கிடக்கட்டும், அந்தத் துரோகி மார்வா இப்போ எதைப் பார்த்துக்கிட்டிருக்காளாம்?"

கடை முழுக்கச் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனா இவர்?

வெளியே வந்து கம்பெனிக்குப் போன் போட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம் என் மச்சினனுக்கு ஒரு வீடு இருக்கிறது. வருவது வரட்டும், பொய்யே சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

"மார்வா டட்டில்ங்கறவங்க பெட்டியை வேற கணக்குல சேர்க்கணும்மா."

"அது போன வாரமே சேர்த்தாச்சு சார். வெர்லின் ஸ்ட்ரவுட் கணக்குல. அவரோட வேட்டைக் குடிசை விலாசம், நியூ மெக்சிகோ."

"அவர் கணக்குலயா? அப்போ அவர் வீட்டு டிவிக்கு?"

"ஒரு கணக்குக்கு ஒரு விலாசம்தான் சார். அவருக்கும் டென்வர் வராது. நானே நாலு தடவை எடுத்துச் சொன்னேன். 'பரவாயில்லம்மா, எனக்கு மிளகாய்த் திருவிழான்னா உசுரு'ன்னுட்டார்."