நான்கு விசிறிகள்

"நாளைக்குக் காலையில ஆறு மணி பஸ். கையில ஒரே ஒரு பைதான்," என்று போனில் கிசுகிசுத்தவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். கண்ணாடித் தொட்டிக்குள் புழுக்களின் நான்கு இறகு விசிறிகளும் ஒரே நொடியில் காணாமல் போயிருந்தன.

போன் துப்பட்டாவுக்குள் போனது, தீனி போடும் சொட்டுக்குழாய் கைக்கு வந்தது. அண்ணி மாடி அறை வாசலில் நின்றாள்.

"யார்கிட்ட பேசிட்டிருந்தே?"

"புழுகிட்டதான் அண்ணி. சாப்பிடுன்னு சொன்னா உள்ள ஓடிடுது."

"பம்ப் ஓடிட்டிருக்கே, எல்லாத்தையும் இழுத்துக்குமே. தீனி புழுவுக்கா, ஃபில்டருக்கா?"

அவள் அவசரமாகப் பம்பை அணைத்தாள். அண்ணி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் படி இறங்கினாள்.

அது அண்ணன் ஆசையாக வாங்கிய கடல்நீர்த் தொட்டி. உடம்பைக் குழாய் மாதிரியான கூட்டுக்குள் வைத்துக்கொண்டு, இறகு விசிறியை மட்டும் வெளியே விரிக்கும் புழுக்கள் அதில் இருந்தன. விருந்தாளிகள் வந்தால் அண்ணன் மரத்தரையில் காலைத் தட்டிக் காட்டுவான். அதிர்வு பட்டதும் விசிறிகள் உள்ளே போய்விடும், எல்லோரும் கைதட்டுவார்கள்.

வளர்ப்பது என்னவோ அவள்தான். வற்றிய அளவுக்கு உப்பில்லாத நீர் ஊற்றுவதும், பாசிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவதும், விசிறி உதிர்ந்தால் திட்டு வாங்குவதும் அவள் பொறுப்பு.

வெளியூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தபோது, "நீ போயிட்டா இதுங்களை யார் பார்ப்பா?" என்று கேட்டான் அண்ணன். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தாள். மறுநாள் அவள் சர்டிபிகேட்டுகள் அவன் பீரோவுக்குள் போய்விட்டன. போனில் யாரோடு பேசுகிறாள் என்று பார்த்துச் சொல்ல அண்ணியைக் காவலுக்குப் போட்டான்.

சரியான ஆளைத்தான் போட்டிருந்தான். சமையலறையில் திரும்பினால் அண்ணி முதுகுக்குப் பின்னால் நிற்பாள், வந்ததே தெரியாது. மாடி அறையில் பம்ப் இரைச்சல் வேறு. புழுக்கள் மட்டும் இல்லையென்றால் அவள் என்றைக்கோ மாட்டியிருப்பாள்.

மாலையில் மறுபடியும் தோழியை அழைத்தாள்.

"வேலையில சேர நாளைக்குத்தான்டி கடைசி நாள். ஒரிஜினல் சர்டிபிகேட் இல்லாம வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க," என்றாள் தோழி.

"பீரோ சாவி அண்ணி இடுப்புல இருக்கு. அதுல கை வைக்கிறதும் பாம்புப் புத்துல கை விடறதும் ஒண்ணுதான்." பேசிக்கொண்டே தொட்டியைப் பார்த்தாள். நான்கு விசிறிகளும் நன்றாக விரிந்திருந்தன. பயமில்லை.

"பாம்பு இங்கதான் நிக்குது," என்றது காதருகே ஒரு குரல்.

அண்ணி போனை வாங்கி அணைத்தாள். இன்னொரு கையில் மடித்த துணிகள் இருந்தன. அவற்றை அவளிடம் நீட்டினாள்.

துணிகளுக்கு அடியில் ஒரு உறை தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தாள். அவளுடைய சர்டிபிகேட்டுகள், ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஆறு மணி பஸ் வேண்டாம். உங்க அண்ணன் அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம்தான் நடக்கப் போவார். அஞ்சு மணிக்கே ஒண்ணு இருக்கு, அதுல ஏறிடு. இதுங்களை நான் பார்த்துக்கறேன்."

"அண்ணி... உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீ முதல்ல போன் பேசின அன்னைக்கே. வாசல்ல நின்னு முழுசா கேட்டேன்."

"அதுக்கப்புறம் ஒரு தடவைகூட நான் உங்ககிட்ட மாட்டலையே!"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பின்ன எதுக்குடி ஒவ்வொரு தடவையும் தரை அதிர மிதிச்சுட்டு வந்தேன்?"